புகைக்கு மேகம் என்று பெயர்

மேகம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. மழை வராதா என்று ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். மேகம் என்ன பாவம் செய்தது என்று கேட்பீர்கள். அது ஒரு பாவமும் செய்யவில்லை. அதன் பெயரைச் சொல்லி மற்றவர்கள் செய்தார்கள்.

நான் வேலை பார்ப்பது வெயிலை அளக்கும் அலுவலகத்தில். வெளியே சொன்னால் யாரும் நம்புவதில்லை. "வெயிலை அளந்து என்னக்கா பண்ணுவே, பொட்டலம் கட்டி விப்பியா?" என்று என் தம்பியே கேட்டிருக்கிறான். அவன் பஸ் கண்டக்டர். எதுவானாலும் கணக்குப் பார்த்த கையோடு கிழித்துக் கொடுத்துவிட வேண்டும் அவனுக்கு.

எங்கள் மொட்டை மாடியில் கண்ணாடிக் குமிழ் மூடிய இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று வானம் மொத்தத்திலிருந்தும் வரும் வெளிச்சத்தை அளக்கும். மற்றதற்கு மேலே ஒரு கறுப்புப் பந்து, நேர் வெயிலை மட்டும் மறைத்தபடி, சூரியன் போகும் பக்கமெல்லாம் நாள் முழுக்கக் கூடவே போகும். காலையில் அந்தக் குமிழ்களைத் துடைப்பது என் வேலை. மூன்றாவது கருவி ஒரு குட்டைக் குழாய். மோட்டார் வைத்த கையில் பொருத்தியிருக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிமிர்ந்து சூரியனை நேருக்கு நேர் பார்க்கும். நீலம், பச்சை, சிவப்பு என்று ஒவ்வொரு நிறமாகப் பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். சூரியனிடமிருந்து கிளம்பிய வெளிச்சத்தில் எவ்வளவு வழியில் காணாமல் போயிற்று என்று தெரிந்தால், காற்றில் எவ்வளவு தூசியும் புகையும் தொங்குகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். தம்பி ஒருநாள் நான் மறந்துவிட்டுப் போன சாவியைக் கொடுக்க மாடிக்கு வந்தவன், அது ஆடுவதைப் பார்த்துவிட்டு, உங்கள் ஆபீசில் எல்லாரும் செய்கிற வேலையைத்தான் இதுவும் செய்கிறது என்று சொல்லி அதற்குத் தலையாட்டி என்று பெயர் வைத்தான். பெயர் ஒட்டிக்கொண்டது. எங்கள் இயக்குநர்கூட, வெளியாள் இல்லாத நேரத்தில், தலையாட்டி என்றுதான் சொல்வார்.

இயக்குநருக்கும் ஒரு பெயர் உண்டு. சராசரி. இடி விழுந்து அலுவலகமே எரிந்துவிட்டது என்று போய்ச் சொன்னாலும், வருஷ சராசரி என்ன வருகிறது என்று கேட்பார். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்குத் திட்டுவதற்காவது வசதியாக இருந்திருக்கும்.

இனிமேல் சொல்லப் போவது ஒரு விதி. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், என் தம்பியின் மூச்சு அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. தலையாட்டி ஒவ்வொரு முறையும் சூரியனை ஒரே நிமிடத்துக்குள் மூன்று தடவை பார்க்கும். மூன்று அளவும் ஒத்துப்போனால் கணக்கில் சேரும். ஒன்றுக்கொன்று முரண்டு பிடித்தால், நடுவில் மேகம் குறுக்கே போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த அளவைத் தலைமையகத்துக் கம்ப்யூட்டர் வீசிவிட்டு, அந்த இடத்தில் 'மேகம்' என்று எழுதிவிடும். ஒரு நாளில் பெரும்பாலான அளவுகள் அப்படிப் போய்விட்டால் அந்த நாளே மேகம். விதியை எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை. மேகம் நகரும், ஓரம் பிய்ந்து பிய்ந்து இருக்கும், அதனால் அளவு ஏறி இறங்கும். தூசியோ காற்றில் ஒரே சீராகப் பரந்து நிற்கும், அளவு ஆடாது. பரந்த வெளியில், எங்கிருந்தோ வந்த மணல் தூசியை அளப்பவர்களுக்கு அது நல்ல விதி.

எங்கள் ஊரில் புகை பரந்து வராது. உருக்காலையின் புகைபோக்கியிலிருந்து வாந்தியாக வரும். உலையில் ஒரு சுமை கொட்டினால் ஒரு குபுகுபு, பிறகு ஓய்வு, பிறகு இன்னொரு குபுகுபு. ஒரே நிமிடத்துக்குள் சூரியன் தெரியும், மங்கும், மறுபடி தெரியும். எவ்வளவுக்கெவ்வளவு புகை கேவலமாக வருகிறதோ அவ்வளவுக்கவ்வளவு அது மேகமாகிவிடும். நாங்கள் அளந்த மிக மோசமான நாட்கள் எல்லாம் இப்படித்தான் மேகமாகப் போயின. மிச்சம் இருந்த நல்ல நாட்களைக் கூட்டி வகுத்து, சான்று முத்திரை குத்தி, சராசரி வருஷாவருஷம் கையெழுத்துப் போட்டார்.

இது எனக்குத் தெரிய வந்த விதத்தைச் சொல்கிறேன். தம்பியின் வீடு ஆலைக்குப் பின்னால் இருக்கும் வரிசையில். பின்வரிசை என்றுதான் அதற்குப் பெயர். அவனும் அவன் மனைவியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய வீடு. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. முதலில் படி ஏறினால் இழுத்தது, பிறகு பேசினாலே இழுத்தது. பஸ்ஸில் விசில் ஊத முடியாமல், கையால் தகரத்தைத் தட்டிக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினான். டிரைவருக்குக் காது கேட்காமல் ஒரு நிறுத்தத்தில் வண்டி கிளம்பாமலே நின்றது. அதோடு டெப்போவில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். ஊரெல்லாம் சுற்றியவனை மூலையில் உட்கார வைத்தது அவனுக்கு நோயைவிடப் பெரிய அடி.

டாக்டர் அவனிடம் கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு வருஷமாக சிகரெட் பிடிக்கிறீர்கள் என்பது. பிடித்ததே இல்லை என்றான். டாக்டர் சிரித்துக்கொண்டே எதையோ எழுதினார். என் தம்பி பீடியோ சிகரெட்டோ தொட்டதில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அவர் பேனாவைப் பிடுங்கியிருப்பேன்.

பின்வரிசையில் இருப்பவர்கள் சேர்ந்து ஒரு மனு கொடுத்தார்கள். ஆலை எங்கள் வீடுகளை எடுத்துக்கொண்டு, ஊருக்கு அந்தப் பக்கம் காற்று நன்றாக இருக்கும் இடத்தில் வேறு வீடு கட்டித் தர வேண்டும் என்பதுதான் மனு. கொடுத்த பிறகு ஒவ்வொருவராகக் கழன்றார்கள். பாதிப் பேர் ஆலையிலேயே வேலை பார்ப்பவர்கள், அவர்களைக் குறை சொல்லி என்ன செய்வது. கடைசியில் மனுவில் நின்றது தம்பியின் பெயர் மட்டும். அதை விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தலைவர்.

முதல் விசாரணைக்கு நான் தம்பியின் கூடப் போனேன். ஆலையின் வக்கீல் மிக மரியாதையானவர். தம்பி ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்து, நடுவில் மேசையைப் பிடித்துக்கொண்டு பேசி முடிக்கும் வரை பொறுமையாகக் காத்திருந்தார். தண்ணீர்கூட நகர்த்தி வைத்தார். இவ்வளவு வருஷம் பஸ்ஸில் டீசல் புகையை முகர்ந்தீர்களே, அது உடம்புக்கு நல்லதா என்று தயவாகக் கேட்டார். பிறகு ஒரு பட்டியலை எடுத்து வாசித்தார். எங்கள் பட்டியல். தலையாட்டியின் சான்றிட்ட பட்டியல், சராசரியின் கையெழுத்தோடு. இந்த ஊரின் காற்று சுத்தமான காற்று என்று அரசாங்க அலுவலகமே சொல்கிறது, இதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ புரியாத மாதிரிதான் பார்த்தான்.

மறுநாள் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. குமிழைத் துடைத்த துணி அடுப்பைத் துடைத்த துணியாக ஆன நாள். மாடியில் நிற்க முடியாமல் நான் இருமிக்கொண்டே இறங்கி வந்த நாள். வானத்தில் பஞ்சு அளவுக்குக்கூட மேகம் கிடையாது அன்றைக்கு. பட்டியலில் அந்த நாளுக்கு நேரே 'மேகம்' என்று இருந்தது. அதற்கு முந்தின நாள் மேகம். அந்த வாரமே மேகம். ஒரு துளி மழை விழாத கோடையில் எங்கள் ஊர் மேகத்தில் மிதந்திருக்கிறது. தலைமையகத்தில் யாராவது ஒருவர் ஜன்னலைத் திறந்து பார்க்கும் ஊராக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அவர்களுக்கு நாங்கள் ஒரு எண், அவ்வளவுதான்.

வடிகட்டாத அளவுகளை எடுத்துக்கொண்டு சராசரியிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விதி உலகம் முழுக்க ஒன்றுதான், நமக்கென்று தனி விதி கிடையாது என்றார். வடிகட்டாத அளவை வெளியே காட்டினால் அலுவலகத்தின் பெயர் கெடும் என்றார். கடைசியாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவர் உன் தம்பிங்கறது எனக்குத் தெரியும்மா. அதனாலதான் சொல்றேன், நீ இதுல தலையிடாதே" என்றார்.

தலையிடாமல் இருப்பதற்கு எனக்குத் தலை இல்லையா என்ன. அன்றைக்கே குழுவின் தலைவருக்கு எழுதி, என்னை விசாரிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

இரண்டாவது விசாரணையில் நான் ஒன்றைக் காட்டினேன், அதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். மேகம் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி மறைக்கும். அதனால்தான் மேகம் வெள்ளையாக இருக்கிறது. புகைத் துகள் அப்படி இல்லை, மிகப் பொடியானது, நீலத்தை அதிகம் தின்னும், சிவப்பை அவ்வளவாகத் தொடாது. அதனால்தான் புகைக்குப் பின்னால் சூரியன் சிவந்து தெரிகிறது. தலையாட்டி ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறது அல்லவா. மேகம் என்று வீசப்பட்ட நாட்களை எடுத்து, நீலம் எவ்வளவு போயிற்று, சிவப்பு எவ்வளவு போயிற்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வருஷத்தில் நிஜமான மேகம் வந்த நாட்களையும் வைத்தேன். சின்னக் குழந்தைக்கும் தெரியும் வித்தியாசம். தலைவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அப்படியென்றால் புகை அதிகமாக அதிகமாகப் பட்டியலில் காற்று சுத்தமாகிக்கொண்டே போகும், அப்படித்தானே என்று கேட்டார். அப்படியேதான் என்றேன். தம்பி என் கையைப் பிடித்தான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அந்த அரை நிமிடம் நான் அனுபவித்த சந்தோஷத்தை வக்கீலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அவர் எழுந்து முதலில் என்னைப் பாராட்டினார். இவ்வளவு தெளிவாக யாரும் விளக்கியதில்லை என்றார். பிறகு ஒரே ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்தார். இந்தக் கருவி எதைப் பார்க்கிறது? சூரியனை. சூரியனுக்கும் கருவிக்கும் நடுவில் இருப்பது என்ன? வானம் மொத்தமும். அப்படியானால் இது அளப்பது தரையிலிருந்து வானத்து உச்சி வரைக்கும் உள்ள புகையை. அதில் தரையில், மனிதனின் மூக்கு இருக்கும் உயரத்தில் எவ்வளவு என்று இது சொல்லுமா?

சொல்லாது. அதுதான் உண்மை. நான் சொல்லாது என்றேன்.

"எங்க புகைபோக்கி அவ்வளவு உயரமா கட்டினதே புகை மேலயே போகணும்னுதாங்க. மேடம் இப்ப நிரூபிச்சது, அது மேலதான் போகுதுங்கறதை" என்றார்.

போன தடவை இதே வானத்தை வைத்துத்தானே காற்று சுத்தம் என்றீர்கள், அப்போது மூக்கு எங்கே போயிருந்தது என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருக்கும். அவர் கோபப்படவில்லை. அந்தப் பட்டியலை நம்பக் கூடாது என்று நீங்கள்தானே இப்போது காட்டினீர்கள், நான் ஏற்றுக்கொண்டுவிட்டேனே என்றார். ஆக, பட்டியல் சுத்தம் என்றபோது அது ஊரின் காற்று. புகை என்றபோது அது வெறும் வானம். இப்படி ஒரு நாக்கு கிடைத்தால் மனிதன் எதைத்தான் விழுங்க மாட்டான்.

தலைவர் நியாயமானவர், அதுவும் எங்கள் கெட்ட காலம். நியாயமானவர்கள் அவசரப்பட மாட்டார்கள். பின்வரிசையிலேயே, தரையில், மூக்கின் உயரத்தில் காற்றை இழுத்து அளக்கும் கருவி ஒன்றை வைக்க வேண்டும், ஒரு வருஷம் அளக்க வேண்டும், வரம்பு தாண்டிய நாட்கள் வாரத்துக்கு ஒன்று வீதம் சேர்ந்தால் வரிசை முழுவதையும் இடம் மாற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஆலையின் ஆள் ஒருவர் முன்னிலையில்தான் ஒவ்வொரு நாளும் அதற்குள் புகை படியும் வடிதாளை மாற்ற வேண்டும். மனு செய்தவர் அந்த வருஷம் முழுக்க அங்கேயே குடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மனுவுக்கு ஆதாரமே இல்லாமல் போய்விடும் என்றும் சேர்த்துக்கொண்டார். கருவியை எங்கள் அலுவலகம் நடத்தும். மனுதாரரின் அக்காவே நடத்தலாமா என்று வக்கீல் ஒரு வார்த்தை ஆட்சேபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு ஒரு வருஷம் கிடைத்ததே போதும்.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த உத்தரவு வரும்போது தம்பி பின்வரிசையில் இல்லை. முதல் விசாரணைக்குப் பிறகு அவன் நிலைமையைப் பார்த்து நானே பிடிவாதமாக அவர்களை என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். என் வீடு ஊரின் அந்தக் கோடியில், ஆலைக் காற்று எட்டாத இடத்தில். இரண்டு அறைதான், என் கட்டிலை நகர்த்தி அவனுக்கு ஜன்னல் பக்கம் இடம் போட்டேன். கொஞ்ச நாளிலேயே அவன் முகத்தில் ரத்தம் ஊறியது. தெருமுனைக் கடை வரைக்கும் நடந்து போய், கடைக்காரரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டுவிட்டு வந்தான். பழைய கண்டக்டர் திரும்பி வந்துவிட்டான் என்று அவன் மனைவி அடுப்படியில் நின்று அழுதாள்.

உத்தரவைப் படித்துக் காட்டியதும் அவள்தான் முதலில் பேசினாள். அதிகம் பேசாதவள். என்னிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

"அண்ணி, உங்களுக்கு ஆதாரம் வேணும். எனக்கு இவர் வேணும்" என்றாள்.

எனக்கும் அவன்தான் வேண்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்திருக்கும், அவன் என் வீட்டு ஜன்னல் ஓரத்திலேயே இருந்திருப்பான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தம்பிதான் பேசினான். மனுவில் என் பெயர் மட்டும்தானே இருக்கிறது, நானும் கழன்றுகொண்டால் வரிசையே போச்சு என்றான். அக்கா வீட்டு மூலையில் எவ்வளவு நாள் ஒட்டிக்கொண்டு கிடப்பது, மகள் வளர்கிறாள், ஒரு வருஷம் பல்லைக் கடித்தால் சொந்தமாக ஒரு நல்ல வீடு என்றான். இதையெல்லாம் சொல்லி முடிக்க அவன் எத்தனை தடவை நின்று நின்று மூச்சு வாங்கினான் என்பதைப் பார்த்துக்கொண்டு அவள் சுவரோரம் நின்றாள். பிறகு துணிகளை மடித்துப் பையில் வைக்கப் போய்விட்டாள்.

கருவியை அவன் வீட்டு முற்றத்திலேயே வைத்தோம். வேறு யாரும் இடம் தர ஒப்பவில்லை. ஒரு பெட்டி, அதற்குள் ஒரு பம்ப், மேலே மூக்கு உயரத்துக்கு ஒரு குழாய். இரவும் பகலும் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். வழியில் ஒரு வெள்ளை வட்டத் தாள், அதுதான் வடிதாள். புகை இருந்தால் ஒரு நாளில் அது கறுத்துவிடும். பிறகு அலுவலகத்துக்கு எடுத்துப் போய் எடை போட வேண்டும். எடைதான் கணக்கு, ஆனாலும் பழகிய கண்ணுக்கு நிறத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தினமும் காலையில் அலுவலகம் போகும் வழியில் அங்கே போவேன். ஆலையின் ஆள் வாசலில் காத்திருப்பார். மூக்கையும் வாயையும் முகமூடியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவார். காற்றுதான் சுத்தமாயிற்றே, இது எதற்கு என்று முதல் நாளே கேட்டுவிட்டேன். அவருக்கு ஜலதோஷமாம். ஜலதோஷம் இன்று வரை விடவில்லை.

இழுப்பது பெட்டி மட்டும் இல்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தம்பி. சில காலைகளில் பம்பின் சத்தம் எது, அவன் சத்தம் எது என்று எனக்கே குழம்பும்.

ஆரம்பத்தில் வட்டங்கள் நன்றாகக் கறுத்தன. நன்றாக என்று சொல்கிறேன் பாருங்கள். அந்த வார்த்தை எப்படி வீட்டுக்குள் வந்தது என்று யாருக்கும் தெரியாது. "இன்னைக்கு நல்லா கறுத்திருக்கு அண்ணி" என்று அவன் மனைவியே கதவைத் திறக்கும்போது சொல்லத் தொடங்கினாள். முந்தின ராத்திரி அவன் படுக்க முடியாமல் உட்கார்ந்தே விடிய வைத்திருப்பான். அதைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியும், வட்டத்தைப் பார்த்து இல்லை. நான் பெட்டியைத் திறப்பேன். அட்டைக் கறுப்பாக இருக்கும். ஆலை ஆளின் கண்ணுக்கு நேரே அதைத் தூக்கிப் பிடிப்பேன். அவ்வளவு திருப்தி எனக்கு. மகள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அம்மாவைக் கேட்பாள், இந்த வாரத்துக் கறுப்பு வந்துவிட்டதா என்று. வந்துவிட்டது என்றால் குதித்துக்கொண்டு போவாள்.

பிறகு ஆலை புத்திசாலி ஆகிவிட்டது. எங்கள் பக்கம் காற்று அடிக்கும் நாட்களில் உலையைக் கொஞ்சம் அடக்கி வாசித்தார்கள். வட்டம் சாம்பல் நிறத்தில் வந்தது, வரம்புக்கு ஒரு மயிரிழை கீழே. வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கு தடுமாறத் தொடங்கியது. நான் அலுவலகத்தில் தராசின் முன்னால் நின்று, ஏறு ஏறு என்று மனதுக்குள் முனகினேன். என்னைப் போல் எத்தனை பேர் இந்த உலகத்தில் தராசிடம் புகைக்காகக் கெஞ்சியிருப்பார்கள். சராசரி ஒருநாள் பக்கத்தில் வந்து நின்று, இதுவரைக்கும் சராசரி என்ன வருகிறது என்று கேட்டார். நான் அடுத்த வட்டத்தை எடுத்துத் தராசில் வைத்தேன்.

வருஷம் முடிய ஆறு வாரம் இருந்தபோது ஒருநாள் காற்று முழுக்கத் திரும்பியது. மலைப் பக்கத்திலிருந்து, ஆலையை எதிர்த்து, குளிர்ந்த காற்று. எங்கள் கணக்குக்கு இன்னும் கறுத்த நாட்கள் வேண்டியிருந்தன, ஒன்றுகூட வீணாகக் கூடாத நிலைமை. நான் போனபோது வாசலில் தம்பியே வந்து கதவைத் திறந்தான். குளித்துத் தலை வாரியிருந்தான். ராத்திரி முழுக்கப் படுத்துத் தூங்கினான் என்று அவன் மனைவி உள்ளிருந்து சொன்னாள். சொன்ன குரலில் சந்தோஷம் இல்லை, ஏதோ தப்பு நடந்துவிட்டதைச் சொல்வது போலச் சொன்னாள். அவன் என் பின்னாலேயே முற்றத்துக்கு நடந்து வந்து, சுவரைப் பிடிக்காமல் நின்றான்.

பெட்டியைத் திறந்தேன். வட்டம் வெள்ளை வெளேரென்று இருந்தது. முந்தின நாள் நான் வைத்தது போலவே இருந்தது. ஆலை ஆள் எட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நான் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். என் மூஞ்சி எப்படிப் போயிருந்தது என்று எனக்குத் தெரியாது, அவனுக்குத் தெரிந்தது.

தோளில் கை வைத்தான். "கவலைப்படாதேக்கா, நாளைக்குக் காத்து திரும்பிடும், பழையபடி நம்ம பக்கமே வந்துடும் பாரு" என்றான்.

ஒரே மூச்சில் சொன்னான். எங்கேயும் நிற்கவில்லை, எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்த பிறகும் அவன் சொன்னதைக் கேட்டு எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.